வகுப்பறையில் இணையவழி நூலாக்கம்: தமிழ் கற்பித்தலில் அதன் பயனும் வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

மாணவர்கள் எழுதியும் படம் சேர்த்தும் நூல்வடிவில் வெளியிடுவதற்கு உதவும் இணையக் கருவிகள் தமிழ் வகுப்புகளிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. இவை பெரும்பாலும் ஆர்வமூட்டும் செயல்பாடாக மட்டுமே கருதப்படுகின்றன. நூலாக்கம் என்பது பதிப்புப்பணி என்னும் கோணத்திலிருந்து இக்கருவிகளை இக்கட்டுரை அணுகுகிறது. சென்னை பெசன்ட் நகர் வட்டாரத்தின் பதிப்பு, கல்வி மரபுகள் பின்னணியாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ் எழுத்துமுறை, சொல்லமைப்பு ஆகியவை கருவிகளோடு முரணும் இடங்களும், மாணவர் படைப்பின் உரிமை, நிலைபேறு பற்றிய சிக்கல்களும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நூலாக்கக் கருவி, ஸ்டோரிவீவர், விக்கிமூலம், ஒருங்குறி, பதிப்புநெறி, மாணவர் படைப்புரிமை

முன்னுரை

சென்னை பெசன்ட் நகரில் கடற்கரைக்கு அருகே டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் அமைந்துள்ளது. உ.வே.சா. 1942ஆம் ஆண்டில் மறைந்தபின், அவர் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த ஏட்டுச்சுவடிகளையும் அச்சுநூல்களையும் காக்கும்பொருட்டு ருக்மிணிதேவி அருண்டேல் 1943இல் இதனை நிறுவினார். இதே வட்டாரத்தில் அடையாறு பிரம்மஞான சபையும், அன்னி பெசன்ட் காலத்தில் தோன்றிய வசந்தா அச்சகமும், 1894இல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளியின் வழிவந்த ஆல்காட் நினைவுப் பள்ளியும் உள்ளன. சற்றுத் தெற்கே திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவும், கையால் அச்சிட்டுக் கையால் கட்டும் நூல்களுக்காக உலக அளவில் அறியப்பட்ட தாரா பதிப்பகமும் இயங்குகின்றன. சுவடி, அச்சு, பள்ளி, கைவினை நூல் ஆகிய நான்கும் இவ்வளவு குறுகிய எல்லைக்குள் கூடிய பகுதிகள் தமிழகத்தில் மிகுதியாக இல்லை.

இவ்வட்டாரத்து வகுப்பறை ஒன்றில் மாணவர் ஒருவர் கணினியில் எட்டுப் பக்கக் கதைநூலை உருவாக்கும்போது, அவர் செய்வது புத்தம்புதிய செயலன்று. பாடத்தைத் தேர்தல், பக்கம் பிரித்தல், பிழை திருத்தல், முகவுரை எழுதுதல், உதவியோர் பெயரைக் குறித்தல், வெளியிடுதல் என்னும் பழைய பணிகளின் வரிசையைத்தான் அவர் மீண்டும் நிகழ்த்துகிறார். கருவி அவற்றுள் சிலவற்றைத் தானே செய்துவிடுகிறது, சிலவற்றை மறைத்துவிடுகிறது. ஆசிரியரின் கவனத்துக்கு உரியவை மறைக்கப்படும் அப்பணிகளே.

மாணவர் கையில் அச்சு

மாணவரே நூல் ஆக்குதல் என்னும் கருத்து கணினிக்கு முற்பட்டது. பிரான்சு நாட்டுச் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரான செலஸ்தேன் ஃப்ரெனே 1920களின் நடுவில் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். மாணவர் தம் வாழ்க்கையிலிருந்து எழுதிய பனுவல்களை அவர்களே எழுத்துக்கோத்து அச்சிட்டனர். அவை வேற்றூர்ப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்து அடுக்கும் மாணவருக்கு எழுத்துப்பிழை என்பது மதிப்பெண் சார்ந்த செய்தியாக இருப்பதில்லை. திருத்துவதற்கு உழைப்பைக் கோரும் பொருளாக அது மாறிவிடுகிறது. இன்றைய கருவிகள் இல்லாமலாக்கியது இந்த உழைப்பைத்தான். அதனோடு அந்தக் கவனமும் போய்விட்டதா என்பது கேட்கத்தக்க வினா.

அடையாற்றுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. மரியா மாண்டிசோரி பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இரண்டாம் உலகப்போர் காரணமாக அவர் இந்தியாவில் தங்கிய காலம் நீண்டது. பின்னர் அவருடைய நூல்கள் சில கலாக்ஷேத்ரா வெளியீடுகளாகவே வந்தன. குழந்தை எழுதுகோல் பிடிக்கும் திறம் பெறுவதற்கு முன்பே, தனித்தனியாக வெட்டப்பட்ட எழுத்துருக்களை அடுக்கிச் சொல்லாக்க முடியும் என்பது அவர்தம் முறையின் அடிப்படைகளுள் ஒன்று. அம்முறையில் எழுதுதல் முந்துகிறது, படித்தல் பிந்துகிறது.

தமிழுக்கு இம்முறையைப் பொருத்தும்போது நயமான ஒரு சிக்கல் எழுகிறது. ‘கெ’ என்பதில் ககர ஒலி முன்னும் எகர ஒலி பின்னும் கேட்கப்படுகின்றன. எழுதும்போதோ கொம்பு முன்னே வருகிறது. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ஒலிவரிசையும் வரிவடிவ வரிசையும் வேறுபடும் இந்த இடத்தில்தான் கணினித் தமிழின் இடர்கள் பலவும் தோன்றுகின்றன. இதனைப் பின்னர்க் காண்போம்.

கருவிகளும் அவற்றின் இயல்பும்

இன்று வகுப்பறைக்குக் கிடைக்கும் கருவிகளை அவற்றின் நோக்கத்தைக் கொண்டு வேறுபடுத்துவது நலம். புக் கிரியேட்டர் 2011இல் ஐபேட் செயலியாக வெளிவந்து, பின்னர் உலாவியிலும் இயங்குவதாக விரிந்தது. வெற்றுப் பக்கத்தில் எழுத்து, படம், குரல்பதிவு ஆகியவற்றைச் சேர்க்க அது உதவுகிறது. அதன் மையம் வகுப்பறை. ஆசிரியரின் கணக்குக்குள் மாணவர் நூல்கள் அடங்கியிருக்கும். பிரஸ்புக்ஸ் போன்ற கருவிகள் இயல், தலைப்பு, அடிக்குறிப்பு என நெடிய உரைநூல்களுக்கு ஏற்றவை. கல்லூரி மாணவரின் திட்டக் கட்டுரைத் தொகுப்புக்கு அவை பொருந்தும். கான்வா போன்றவை வடிவமைப்புக் கருவிகள். அவற்றில் அழகிய அட்டை எளிதில் அமையும், நூல் அவ்வளவு எளிதில் அமைவதில்லை.

தமிழ் வகுப்புக்கு மிக நெருக்கமாக நிற்பது ஸ்டோரிவீவர். 2004இல் தொடங்கப்பட்டுப் பெங்களூருவிலிருந்து இயங்கும் பிரதம் புக்ஸ் என்னும் ஆதாயநோக்கற்ற பதிப்பகம், 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், உலக எழுத்தறிவு நாளன்று இத்தளத்தைத் தொடங்கியது. இன்று முந்நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் சிறுவர் கதைகள் இதில் உள்ளன. தமிழ் அவற்றுள் ஒன்று. ஓவியர்கள் வரைந்த படங்களின் கருவூலம் ஒன்று தளத்திலேயே உள்ளது. மாணவர் அப்படங்களை அடுக்கிப் புதுக்கதை எழுதலாம். பிறமொழிக் கதையைப் பக்கம் பக்கமாகத் தமிழில் பெயர்க்கலாம். இருக்கும் கதையை வேறு படிநிலைக்கு மாற்றியமைக்கலாம். நூலைத் தரவிறக்கி அச்சிடவும் இயலும். இவை யாவும் படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் நடைபெறுகின்றன. படைத்தவர் பெயரைச் சுட்ட வேண்டும் என்பதே அவ்வுரிமத்தின் முதன்மை நிபந்தனை.

இத்தளத்தின் நூல்களில் இறுதிப் பக்கத்தைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. எந்தப் பக்கத்துப் படத்தை வரைந்தவர் யார், மூலக்கதையை எழுதியவர் யார், அது எந்த மொழியிலிருந்து வந்தது, உரிமம் யாது என்னும் விவரங்கள் அங்கே தாமாகவே தொகுக்கப்பட்டிருக்கும். உ.வே.சா.வின் பதிப்பு முகவுரைகளைப் பயின்றவர்களுக்கு இப்பக்கம் அயலாகத் தோன்றாது. எந்தச் சுவடி எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்பதை அவர் விடாது பதிவுசெய்தார். ஒரு வேறுபாடு உண்டு. அவர் அதனைத் தம் கையால் எழுதினார். இங்கே பொறி எழுதிவிடுகிறது. ஆகவே இறுதிப் பக்கத்தை மாணவரைக் கொண்டு உரக்கப் படிப்பித்து, ஒவ்வொரு பெயரும் ஏன் அங்குள்ளது என வினவுவது பயனுள்ள பயிற்சியாகும். மேற்கோள் நெறியை முனைவர்பட்ட ஆய்வாளருக்குக் கற்பிப்பதைவிட ஏழாம் வகுப்பு மாணவருக்குக் கற்பிப்பது எளிது.

சொற்களை எண்ணும் அளவுகோல்

பிரதம் புக்ஸ் நூல்கள் நான்கு படிநிலைகளாகப் பகுக்கப்படுகின்றன. முதல் நிலைக்கு ஏறத்தாழ 250 சொற்கள், இரண்டாம் நிலைக்கு 600, மூன்றாம் நிலைக்கு 1500 என்பன மேல்வரம்புகள்; நான்காம் நிலை அவற்றைக் கடந்தது. எளிய சொற்கள், சொல் மீள்வரவு, வாக்கிய நீளம் ஆகியனவும் கருதப்படுகின்றன. பன்மொழித் தளத்துக்கு ஒரு பொது அளவுகோல் தேவைதான். ஆயின் சொல்லெண்ணிக்கை எல்லா மொழிக்கும் ஒரே அளவாக அமையாது.

தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘அவனால் வரமுடியவில்லை’ என்னும் கருத்தைச் சொல்ல ஆங்கிலத்துக்குக் கூடுதல் சொற்கள் வேண்டும். தமிழுக்கு இரண்டு போதும். வேர், துணைவினை, எதிர்மறை ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் செறிந்து நிற்கின்றன. எனவே 250 தமிழ்ச் சொற்கள் கொண்ட நூல், அதே எண்ணிக்கையுள்ள ஆங்கில நூலைவிடச் செய்தியில் மிகுதியும் படிப்பதற்குக் கடுமையும் உடையதாக இருக்கக்கூடும். எண்ணிக்கையைக் குறைப்பதற்காக மாணவர் சொற்களைச் சேர்த்தெழுதத் தொடங்கினால், அளவுகோலின்படி நூல் எளிதாகும், குழந்தைக்கோ கடினமாகும்.

‘வந்துகொண்டிருந்தாள்’ என ஒரு சொல்லாக எழுதுவதா, ‘வந்து கொண்டிருந்தாள்’ எனப் பிரிப்பதா? ‘மரத்தின்மேல்’ என்பதா, ‘மரத்தின் மேல்’ என்பதா? இவ்வினாக்களுக்குத் தமிழ்ப் பதிப்புலகில் இன்றுவரை ஒருமித்த விடையில்லை. 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டபோது, பொதுவாசகர் படிக்க வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. சிறுவர் நூலுக்குச் சந்தி பிரிக்கும் மாணவர் அதே முடிவைச் சிறிய அளவில் எடுக்கிறார். புணர்ச்சி விதிகளை மனப்பாடம் செய்த மாணவர்கூட, ஆறு வயதுக் குழந்தை இச்சொல்லைத் தடையின்றிப் படிக்குமா என எண்ணிப் பிரிக்கும்போதுதான் அவ்விதிகள் எதற்கு என்பதை உணர்கிறார். எழுத்தெண்ணிக்கை, ஒரு சொல்லிலுள்ள உருபுகளின் எண்ணிக்கை, உயிர்மெய்க்குறிகளின் கடுமை ஆகியவற்றைக் கொண்டு தமிழுக்குரிய படிநிலை அளவுகோல் ஒன்றை வகுப்பது தமிழ்த்துறைகளில் மேற்கொள்ளத்தக்க ஆய்வு.

மொழிபெயர்ப்புப் பணியில் மற்றொரு வாய்ப்பு உள்ளது. ஆங்கிலக் கதையில் தாய் தந்தையரின் ஆண் உடன்பிறந்தோர் எல்லாரும் ஒரே சொல்லால் சுட்டப்படுவர். தமிழில் அவர் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்பது முடிவாக வேண்டும். முன்னிலைச் சொல் ‘நீ’யா ‘நீங்க’ளா என்பதும் அத்தகையதே. மூலத்தில் விடையில்லாதபோது மாணவர் படத்தை நோக்குகிறார். அதிலுள்ளவர்தம் வயது, உடை, நிற்கும் முறை ஆகியவற்றிலிருந்து உறவை உய்த்துணர்கிறார். இத்தகைய முடிவை எட்டுவரிக் கதை ஒன்றே வேண்டிநிற்கும்போது, மொழிபெயர்ப்பியல் தாளுக்கு அதைவிடச் செறிவான பயிற்சிப்பனுவல் கிடைப்பது அரிது.

எழுத்துள்ளீடு

மாணவருள் பெரும்பாலோர் கைப்பேசியில் உரோமன் எழுத்துகளைத் தட்டித் தமிழ் பெறும் முறையையே அறிவர். அம்முறையில் ண, ந, ன வேறுபாடும் ல, ழ, ள வேறுபாடும் ஆங்கில எழுத்தின் பெரிய, சிறிய வடிவங்களாகவோ பரிந்துரைப் பட்டியலின் தேர்வாகவோ சுருங்கிவிடுகின்றன. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இதிலிருந்து அடிப்படையில் மாறுபட்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரம் தானே புள்ளி பெறுகிறது. நகரத்தை அடுத்துத் தகரத்தைத் தட்டினால் ‘ந்த’ என அமைகிறது. ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற ஆகியனவும் அவ்வாறே. இனவெழுத்து என நன்னூல் வகுப்பில் கற்பிக்கப்படுவது இங்கே விரல்நுனியில் இயங்குகிறது. நூலாக்கத் திட்டத்தின் முதல் இரண்டு வாரங்களைத் தமிழ்99 பயிற்சிக்கு ஒதுக்கும் ஆசிரியர் காலத்தை வீணடிப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அவர் எழுத்திலக்கணம் நடத்துகிறார்.

எழுத்தா, படமா?

நூலாக்கக் கருவியைத் தேர்வதற்கு முன் ஆசிரியர் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு பக்கத்தில் ‘பெசன்ட் நகர்’ எனத் தட்டி, நூலைப் பிடிஎஃப் கோப்பாகத் தரவிறக்கி, அச்சொல்லை அங்கிருந்து படியெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டிப் பார்க்க வேண்டும். சில கருவிகளில் அது ‘ெபசன்ட் நகர்’ எனக் கொம்பு முந்தி உடைந்து வரும். சிலவற்றில் பொருளற்ற குறிகள் வரும். எழுத்தே படமாக்கப்பட்டிருந்தால் எதுவும் வாராது.

இதன் காரணம் முன்னர்ச் சுட்டிய வரிசை வேறுபாடே. ஒருங்குறி முறையில் ‘பெ’ என்பது பகரம் முன்னும் எகரக்குறி பின்னுமாக, ஒலிவரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது எழுத்துருவிலுள்ள விதிகள் கொம்பை முன்னே இடுகின்றன. பிடிஎஃப் கோப்போ பெரும்பாலும் காட்சிவரிசையில் உருக்களை அடுக்கி வைக்கிறது. எந்த உரு எந்த எழுத்தைக் குறிக்கிறது என்னும் குறிப்பு முறையாக அமையாவிட்டால் எழுத்துக்கு மீளும் வழி அடைபடுகிறது. கண்ணுக்கு நூல் குறையின்றித் தோன்றும். ஆனால் அதனைத் தேட இயலாது. பார்வையற்ற மாணவருக்கான திரைவாசிப்பான் அதனைப் படிக்காது. சொல்லடைவு உருவாக்க முடியாது. இத்தகைய நூல் ஒரு வகையில் புகைப்படம் எடுக்கப்பட்ட ஏடு போன்றது.

ஆகவே இறுதிவடிவம் எதுவாயினும், மூல உரையை எளிய ஒருங்குறி உரைக்கோப்பாகத் தனியே வைத்திருத்தல் இன்றியமையாதது. கருவி இடமளித்தால் ஈபப் வடிவத்தையும் சேர்த்துத் தரவிறக்குவது நன்று. அது இணையப்பக்கம் போன்ற கட்டமைப்புடையதாதலின் எழுத்து எழுத்தாகவே நிற்கும். நெடுஞ்சொற்கள் மிக்க தமிழ்ப் பத்தியை இருபுறமும் சமன்செய்தால் சொல்லிடைவெளி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். சிறுவர் நூலுக்கு இடப்புறம் மட்டும் சமன்செய்வது போதும்.

பிழைதிருத்தம் என்னும் படிப்பு

சீவக சிந்தாமணி 1887இல் வெளிவந்ததற்குப் பின்னே நெடுங்கால உழைப்பு இருந்தது. கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த உ.வே.சா., விடுமுறைகளில் சென்னைக்கு வந்து அச்சுப்படிகளைத் திருத்தினார். பாடவேறுபாடுகளைத் தொகுப்பதும் அரும்பத அகராதி அமைப்பதும் அவருடைய பதிப்புகளின் தனி அடையாளங்களாயின. இன்றைய நூலாக்கக் கருவிகளில் ‘வெளியிடு’ என்னும் பொத்தான் முதல் வரைவிலேயே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. எழுதியவுடன் வெளியிடலாம் என்பது கருவியின் பெருமை. கற்பித்தலுக்கு அதுவே இடையூறு.

இவ்விடத்தில் தமிழ் விக்கிமூலம் வழங்கும் நடைமுறை குறிப்பிடத்தக்கது. தமிழ் இணையக் கல்விக்கழகம் அளித்த, நாட்டுடைமையாக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களின் மின்வருடல்கள் அங்கே ஏற்றப்பட்டுள்ளன. ஒருபுறம் வருடிய பக்கமும் மறுபுறம் பொறி கண்டறிந்த எழுத்துரையும் தோன்றும். பொறி காலைக் குறியை ரகரமாகக் கொள்ளும், புள்ளியை விடும், ஒரே சாயலுடைய எழுத்துகளை மாற்றிவிடும். மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், மற்றொருவர் சரிபார்த்தது பச்சை என நிறம் மாறும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க இயலாது. இருவர் கண்பட்டால்தான் பக்கம் நிறைவுபெறும் என்னும் இவ்விதி பழைய பதிப்பாளர்களும் ஏற்கத்தக்கது.

இவ்விதியை மாணவர் கதைநூலுக்கும் கொண்டுவரலாம். எழுதியவர் ஒருவர், மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர், ஒப்புநோக்கிச் சரிபார்ப்பவர் மற்றொருவர் என மூவர் பெயரும் நூலின் உள்ளட்டையில் இடம்பெற வேண்டும். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தியும் நாவி சந்திப்பிழை திருத்தியும் இப்பணியில் துணைநிற்கும். அவை பிழையெனச் சுட்டுவன எல்லாம் பிழையல்ல என்பதை மாணவர் அறிவதும் பாடத்தின் பகுதியே.

இதனைப் பெசன்ட் நகர்க் கடற்கரையே தெளிவாக்கும். ஆண்டின் தொடக்க மாதங்களில் இக்கரையில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. 1988இல் தொடங்கப்பெற்ற மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் பருவகாலத்தில் இரவுதோறும் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காத்துவருகின்றனர். சிறுவர் நூலுக்கு இதைவிட நல்ல பொருள் வேண்டுமா? நாளிதழ்களில் இவ்வாமை ‘ஆலிவ் ரிட்லி’ எனப்படுகிறது. அதற்குப் ‘பங்குனி ஆமை’ என்னும் தமிழ்ப்பெயர் உண்டு. அது வரும் பருவம் பெயரிலேயே பதிந்துள்ளது. தலைப்புப் பக்கத்தில் எப்பெயரை இடுவது என்பது அகராதியியல் வினாவாகும். எல்லியட்ஸ் கடற்கரைக்கு அருகிலுள்ள ஊரூர், ஆல்காட் குப்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருப்பின், மீன், வலை, நீரோட்டம், காற்று ஆகியன பற்றிய வீட்டுவழக்குச் சொற்கள் பலவற்றை அவர்கள் கொண்டுவருவர். வாடையும் கொண்டலும் அகராதியில் உண்டு. அகராதியில் இடம்பெறாச் சொல்லைத் திருத்தி செங்கோட்டால் அடிக்கோடிடும். அச்சொல்லை நீக்குவதா, அரும்பத விளக்கம் எழுதி நிறுத்துவதா என்னும் முடிவு ஆசிரியருடையது. நிறுத்துவதே பதிப்புநெறிக்கு உகந்தது. பாடநூல் மொழியில் பின்தங்கியவராகக் கருதப்பட்ட மாணவர், அரும்பத அகராதியை எழுதும் பொறுப்புக்கு வகுப்பிலேயே தகுதியானவராக இருக்கக்கூடும். இத்தகைய நூல்களிலிருந்து வட்டார வழக்குத் தரவு திரட்டும் வாய்ப்பு ஆய்வாளர்க்கும் உண்டு.

உரிமை

மாணவர் எழுதிய நூல் யாருடையது? 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி படைத்தவரே முதல் உரிமையாளர். பணிநிலையில் ஊழியர் ஆக்குவது பணியளித்தவரைச் சேரும் என்னும் விதிவிலக்கு மாணவருக்குப் பொருந்தாது. அவர் பள்ளியின் ஊழியர் அல்லர். ஆகவே பள்ளியோ ஆசிரியரோ மாணவர் கதையைத் தமதாகக் கொண்டு வெளியிட இயலாது.

திறந்த உரிமம் இதனை இன்னும் நுட்பமாக்குகிறது. படைப்பாக்கப் பொதும உரிமம் திரும்பப்பெற இயலாதது. பன்னிரண்டு வயதில் எழுதிய கதையைத் தளத்திலிருந்து பின்னர் நீக்கினாலும், அதற்குள் படியெடுத்தவர் பெற்ற உரிமை நீங்காது. வணிக நோக்கில் அச்சிட்டு விற்பதற்கும் அவ்வுரிமத்தின் ஒரு வகை இடமளிக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதியற்றவர். 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் குழந்தை எனக் கொண்டு, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவை வேண்டுகிறது. பொதுவெளியில் வெளியிடுவதற்கு முன் பெற்றோருக்குத் தமிழில், எளிய நடையில், உரிமத்தின் பொருளை விளக்கி எழுத்துவழி இசைவு பெறுதல் வெறும் சடங்கன்று.

நடைமுறையில் காணப்படும் மாற்றுவழி, எல்லா நூல்களையும் ஆசிரியர் தம் கணக்கிலிருந்து வெளியிடுவது. இதனால் சட்டச் சிக்கல் ஓரளவு குறையலாம். ஆனால் நூலின் முகப்பில் ஆசிரியர் பெயரும், எழுதிய மாணவர் பெயர் எங்கும் இல்லாமையும் நேர்ந்தால், உதவியோர் பெயரைக்கூட விடாது பதிந்த மரபுக்கு அது முற்றிலும் எதிரானது. மாணவரின் முதற்பெயரோ அவரே சூடிக்கொண்ட புனைபெயரோ நூலில் இருத்தல் வேண்டும். முழுப்பெயர், பள்ளி, வகுப்பு, ஒளிப்படம் நான்கையும் ஒருங்கே பொதுவெளியில் இடுவது தேவையற்றது.

எடுத்தாளும் பனுவலின் உரிமையும் கருதத்தக்கது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கும். உ.வே.சா.வின் எழுத்துகள் 2003ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பொதுவுடைமையாயின. இணையத்தில் காணும் படமெல்லாம் அவ்வாறு பொதுவுடைமையாகிவிடுவதில்லை.

நிலைபேறு

ஆற்றில் விடப்பட்டும் செல்லரித்தும் அழிந்த சுவடிகளைப் பற்றி உ.வே.சா. எழுதியவை தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தவை. இணையத்தளங்கள் அவற்றினும் விரைவாக மறைகின்றன. ஆசிரியர்கள் உலகெங்கும் வகுப்பறைப் பக்கங்களுக்குப் பயன்படுத்திவந்த விக்கிஸ்பேசஸ் 2018இல் மூடும் முடிவை அறிவித்தது; தரவிறக்கிக் கொள்ளாதவர்களின் பக்கங்கள் போயின. ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சுச் செய்த தமிழ்க் கோப்புகளுள் எத்தனையோ, எழுத்துரு கிடைக்காமையால் இன்று திறக்கப்பட்டும் படிக்கப்படாமல் கிடக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் தஸ்கி குறியாக்கத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிக் காத்தது, அதற்கெனத் தன்னார்வலர் உழைத்ததனால்தான். இலவசமாகத் தொடங்கும் கருவி கட்டணமுடையதாகலாம். கட்டணக் கருவி நின்றுவிடலாம். மாணவர் பள்ளியைவிட்டு நீங்கும்போது அவர்தம் கணக்கும் முடக்கப்படுவதுண்டு.

இதற்கான ஏற்பாடு கடினமானதன்று. ஒவ்வொரு நூலுக்கும் எளிய ஒருங்குறி உரைக்கோப்பு, ஈபப், பிடிஎஃப் ஆகிய மூன்றும் பள்ளியின் சொந்த நினைவகத்தில் இடம்பெற வேண்டும். அச்சுப்படிகள் இரண்டு எடுக்கப்பட வேண்டும்; ஒன்று மாணவருக்கு, மற்றொன்று பள்ளி நூலகத்துக்கு. நூலகப் படிக்குப் பிற நூல்களைப் போலவே பதிவேட்டு எண் இட்டு, சிறுவர் இலக்கிய அடுக்கில் வைத்து, இரவல் தருதல் வேண்டும். உள்ளட்டையின் பின்புறத்தில் எழுதியவர், படம் வரைந்தவர், மெய்ப்புப் பார்த்தவர், சரிபார்த்தவர், பயன்படுத்திய கருவி, எழுத்துருவின் பெயர், உரிமம், பதிப்பு எண், நாள் ஆகியன பதிவாக வேண்டும். இரவல் பெற்ற மாணவர் எவரேனும் பிழையொன்றைக் கண்டு பென்சிலால் ஓரத்தில் குறித்திருந்தால், அதனை அழிக்காமல் அடுத்த பதிப்புக்கு எடுத்துவைத்தல் நூலகரின் பணியாகிறது.